பெட்டிக்குள் ஒரு டாங்கி – 9: பேட்டரி வைத்த அளவு

பாந்தர் டாங்கி மாடலின் அடிப்பாகத்தை ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு வைத்திருக்கிறோம். சக்கரங்களை இன்னும் மாட்டவில்லை. இந்த வாரம் பெயிண்ட் என்று சொல்லியிருந்தேன். வருகிறேன். அதற்கு முன், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 1/35 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம்.

மாடல் உலகில் பழைய அளவுகளுக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. 1/72 என்றால் நிஜத்தில் ஆறடி, மாடலில் ஓர் அங்குலம். 1/48 என்றால் ஓரடிக்குக் கால் அங்குலம். இந்த 35 எதில் சேர்த்தி? 36 ஆக இருந்திருந்தால்கூட மூன்றடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு நேராகியிருக்கும். மெட்ரிக் ஆட்கள் வைத்திருந்தால் 30, 40, 50 என்று முழுசாக வைத்திருப்பார்கள். இரண்டு கட்சியிலும் சேராத எண் இது.

விடை ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கிறது. அங்கே யோஷியோ டாமியா 1946ல் தொடங்கியது மரம் அறுக்கும் தொழில். மர மாடல் செய்வது பக்கத் தொழில். 1951ல் தீப்பிடித்து மரக் கிடங்கு சாம்பலானதும் பக்கத் தொழிலே பிழைப்பாயிற்று. அதற்குள் வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்டுகள் வந்திறங்க, மர மாடலை வாங்க ஆள் குறைந்தது. டாமியாவும் பிளாஸ்டிக்குக்கு மாறி, 1960ல் யமாட்டோ போர்க்கப்பலை 500 யென்னுக்கு விற்க வந்தது. போட்டி நிறுவனம் அதே கப்பலை 350 யென்னுக்குக் கொண்டுவந்தது. விலையைக் குறைத்தும் அச்சுக்குப் போட்ட பணம் திரும்பவில்லை.

யோஷியோவின் மகன் ஷுன்சாகு அடுத்துக் கையில் எடுத்ததுதான் ஜெர்மானிய பாந்தர். காரணம் போர் வரலாறு இல்லை. அதன் உடம்பு நேர்க்கோடுகளால் ஆனது, அச்சு வெட்டுவது சுலபம். உள்ளே மோட்டார், தரையில் தானாக ஓட வேண்டும். மோட்டாருக்கு இரண்டு பேட்டரி. அவை அடங்குகிற அளவுக்கு வண்டியின் வயிற்றை வைத்தார்கள், அவ்வளவுதான். கிட் பிய்த்துக்கொண்டு போனது. இதே அளவில் மற்ற டாங்கிகளையும் செய்யலாமே என்று நினைத்தபோதுதான் ஷுன்சாகு பாந்தரை அளந்து பார்த்தார். ஏறக்குறைய 35ல் ஒரு பங்கு வந்தது. பின்னாளில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

பேட்டரி எப்போதோ போயிற்று, மோட்டாரும் போயிற்று. இத்தாலியின் இட்டலேரி, கொரியாவின் அகாடமி, ரஷ்யாவின் ஸ்வெஸ்தா, சீனாவின் டிரம்பெட்டர் என எல்லோரும் இன்றைக்கும் 1/35ல் டாங்கி போடுகிறார்கள்.

பேட்டரிக்காக அளவை வளைத்தவர், மற்ற விஷயத்தில் அசாத்தியப் பிடிவாதக்காரர். 1976ல் வந்த போர்ஷே கார் மாடலுக்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். திரும்பப் பூட்ட போர்ஷேயின் மெக்கானிக்குகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று! 2025ல், 90 வயதில் காலமானார்.

சரி, பெயிண்ட். அங்கும் இந்த 35 விடாது. ஏர்பிரஷ்ஷோ தூரிகையோ, பூச்சு 0.1 மில்லிமீட்டர் தடித்தால், நிஜ டாங்கியின் மேல் 3.5 மில்லிமீட்டர் தடிப்பில் பெயிண்டை அப்பியதற்குச் சமம். இரும்புத் தகடுகள் சேரும் இடத்தில் ஓடும் வெல்டிங் தழும்பு மழுங்கிவிடும். போல்ட் தலையின் ஆறு முனையும் உருகியதுபோல் உருண்டுவிடும். ஆகவே கெட்டியாக ஒரே தரம் வேண்டாம். தின்னர் கலந்து மெல்லியதாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது.

நிறத்திலும் இதே பேச்சுதான். பெரிய வண்டியில் சரியாகத் தெரியும் அதே சாயம் உள்ளங்கையளவு மாடலில் இருண்டு தெரியும்; கொஞ்சம் வெளிறவைக்க வேண்டும். 1943 பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் டாங்கிகளுக்கு அடர்மஞ்சள்தான் அடிப்படை நிறம். அதன் மேல் திட்டுத்திட்டாகப் பூசும் பச்சையும் செம்பழுப்பும் பசையாக டாங்கிக் குழுவினரின் கைக்கே வந்தன. பெட்ரோல் கிடைத்தவன் பெட்ரோலில் கரைத்தான், கிடைக்காதவன் தண்ணீரில். அப்புறம் எது சரியான நிறம் என்று நாம் அடித்துக்கொள்வதில் என்ன அர்த்தம்? அந்தக் கச்சேரி அடுத்த வாரம், நிச்சயமாக.

அதற்குள் ஒரு வேலை. உப்புத்தாள் தூசியும் விரல் எண்ணெயும் ஒட்டிய இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. ஒட்டிய பாகங்களையும் சட்டத்திலிருந்து வெட்டாத சக்கரங்களையும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில், பழைய பல்துலக்கியால் மெதுவாகக் கழுவி நிழலில் காயவையுங்கள். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.