ஏழாவது அறுவை சிகிச்சை

1918-இல் சார்லஸ் மார்ட்டெலுக்கு 22 வயது. அமெரிக்க வணிகக் கப்பல் மாலுமி, 6 அடி 1 அங்குல உயரம், நல்ல திடகாத்திரமான உடம்பு. அடுத்த ஆண்டே எலும்பில் வலி தொடங்கியது. பிறகு சின்னதாக இடறினால்கூட எலும்பு முறிந்தது. சிறுநீரில் மணல் மணலாகப் போனது. முதுகெலும்பு நசுங்கிக் கழுத்து உள்ளே இறங்கி, 1926-இல் மருத்துவர்கள் அவரை அளந்தபோது 7 அங்குலம் குறைந்திருந்தார்.

நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் அவரைப் பார்த்தவர் யூஜின் டுபோய்ஸ். ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கும் கூடியிருந்தது, எலும்பிலோ அது வற்றிக்கொண்டிருந்தது. இதே கோலத்தை வேறோர் இடத்திலும் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஜோசப் ஆப், ஈயம் உடம்பில் ஏறிய தொழிலாளர்களுக்குச் சிகிச்சை செய்தவர். ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடும். அதை வெளியே கொண்டுவர, பாராதைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை அவர் ஊசியாகப் போட்டார். ஈயத்தோடு எலும்பின் கால்சியமும் கரைந்து வந்தது. ஊசி எதுவும் போடாத மார்ட்டெலுக்கு அதே நிலைமை என்றால், அந்தச் சாற்றை அவர் உடம்பே அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றுதானே பொருள்? டுபோய்ஸ் அந்த முடிவுக்கு வந்து அவரைப் பாஸ்டனுக்கு அனுப்பினார். முந்தைய ஆண்டுதான் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல், இதே நோயால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு டிராம் கண்டக்டரின் கழுத்திலிருந்து பாராதைராய்டு கட்டியை அகற்றியிருந்தார். அந்தச் செய்தி டுபோய்ஸுக்கு எட்டவில்லை.

பாஸ்டனில் மார்ட்டெல் சேர்ந்த இடம் நான்காம் வார்டு. 1925-இல் ஆராய்ச்சிக்கென்றே திறந்த பத்துப் படுக்கை வார்டு அது. அங்கே நோயாளியாக இருப்பது லேசான காரியம் அல்ல. சாப்பாட்டை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். கால்சியத்தைக் குறைக்க வேண்டும் என்பதால் பாலும் பாலாடைக்கட்டியும் கிடையாது. தட்டில் மிச்சம் வைத்தால் அதையும் எடை போடுவார்கள். சிறுநீர், மலம் எல்லாவற்றையும் ஒரு துளி விடாமல் சேகரித்து, மூன்று நாளுக்கு ஒரு கணக்காக ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உள்ளே போன கால்சியம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று வரவு செலவு பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மார்ட்டெலின் கணக்கில் செலவு வரவை மிஞ்சியே நின்றது. மிஞ்சிய ஒவ்வொரு மில்லிகிராமும் அவருடைய எலும்பிலிருந்து போனது.

பாராதைராய்டு சுரப்பிகள் சாதாரணமாக நான்கு. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், துவரம்பருப்பை விடப் பெரிதாக இராது. 1926-இல் பாஸ்டனில் இரண்டு முறை மார்ட்டெலின் கழுத்தைத் திறந்து, முறைக்கொன்றாக இரண்டு சுரப்பிகளை எடுத்தார்கள். இரண்டும் நல்ல சுரப்பிகள். பின்னர் நியூயார்க்கில் ஒரு முறை தேடினார்கள், கட்டி அகப்படவில்லை. 1932-இல் மறுபடியும் பாஸ்டன். எட்வர்ட் சர்ச்சிலும் ஆலிவர் கோப்பும் இன்னும் மூன்று முறை கழுத்தைத் துழாவினார்கள். அப்போதும் இல்லை.

ஆறு முறை வெட்டுப்பட்ட ஒருவர் அத்தோடு போதும் என்று வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. மார்ட்டெல் போகவில்லை. ஹார்வர்ட் மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து உடற்கூறு நூல்களை மணிக்கணக்கில் படித்தார். கருவில் இந்தச் சுரப்பிகள் மேலிருந்து இறங்கி வருகின்றன. கீழ்ச் சுரப்பிகள் சிலருக்குக் கழுத்தில் நிற்காமல் மார்புக்கூட்டுக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால் மார்பைத் திறந்து பாருங்கள் என்று வற்புறுத்தியவர் நோயாளியான மார்ட்டெல்தான். நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் ஆராய்ச்சியாளர்களில் அவரும் ஒருவர். பட்டம் இல்லை என்பது அதைக் குறைத்துவிடாது.

1932 நவம்பரில் ஏழாவது அறுவை சிகிச்சை. மார்புக்குள் 3 சென்டிமீட்டர் அளவில் கட்டி இருந்தது. கால்சியம் ஒரேயடியாக இறங்கிவிடக் கூடாது என்று, ரத்தக் குழாயோடு ஒரு சிறு துண்டை மட்டும் விட்டுவைத்து மற்றதை எடுத்தார்கள். ஆனாலும் மூன்றே நாளில் தசைகள் வெட்டி இழுத்தன. பல ஆண்டுகளாகப் பட்டினி கிடந்த எலும்புகள் ரத்தத்தின் கால்சியத்தை உறிஞ்சத் தொடங்கியிருந்தன. ஆறு வாரம் கழித்து, சிறுநீர்க்குழாயில் அடைத்துக்கொண்ட கல்லுக்காக இன்னொரு அறுவை தேவைப்பட்டது. அதன்பின் குரல்வளை இறுகி மார்ட்டெல் இறந்துபோனார். நோயின் மூலத்தைப் பிடித்துவிட்டார்கள், அது முன்பே விட்டுப்போன கல் அவரைக் கொன்றது.

நான்காம் வார்டின் ஃபுல்லர் ஆல்பிரைட் பிடித்துக்கொண்டது இந்தக் கல்லைத்தான். எலும்பு உருக்குலைந்த பிறகு வருபவர்களுக்காகக் காத்திராமல், சிறுநீரகக் கல்லோடு வருபவர்களுக்குக் கால்சியம் பார்த்தால் என்ன? பார்த்தார்கள். நோயாளிகள் ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். 1934-இல் ஆல்பிரைட்டும் ஆப்பும் வால்டர் பாயரும், ஒரே மருத்துவமனையில் உறுதியான 17 பேரைப் பற்றி எழுதினார்கள். அரிதினும் அரிது என்று நினைத்திருந்த நோயை அந்தக் கட்டுரை சாதாரணமாகக் காணக்கூடியது என்றது.

கல்லடைப்பு என்றால் நம் வீடுகளில் வாழைத்தண்டுச் சாறு, நிறையத் தண்ணீர், வலி பொறுக்காவிட்டால் கல்லை உடைத்து எடுத்தல் என்று போகிறது. தண்ணீர் குடிக்கச் சொல்வதில் தவறே இல்லை. ஆனால் இரண்டாவது, மூன்றாவது முறை கல் வந்தவரையும் ரத்தத்தில் கால்சியம் பார்க்காமலே அனுப்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பெரிய செலவில்லாத பரிசோதனை அது. கூடியிருந்தால் பாராதைராய்டு ஹார்மோன் அளவையும் பார்ப்பார்கள். கால்சியம் ஏறும்போது அந்த ஹார்மோன் அடங்கிப்போக வேண்டும். அடங்காமல் இருந்தால் சுரப்பியைச் சந்தேகப்படலாம். பெரும்பாலானவர்களுக்கு நான்கில் ஒன்றுதான் கெட்டிருக்கும். அது கழுத்தை விட்டு மார்புக்குள் இறங்கியிருந்தாலும், கத்தி வைக்கும் முன்பே ஸ்கேன் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.