சர்வீஸுக்கு விண்டோ எங்கிருந்து வருகிறது?

வேர்டில் பிரிண்ட் கட்டளை கொடுத்து, பைல் முழுவதும் பிரிண்டர் வரிசைக்குச் சென்றபின் வேர்டை மூடிவிட்டாலும் அச்சிடுவது நிற்பதில்லை. பிரிண்ட் ஸ்பூலர் என்ற சர்வீஸ் பின்னணியில் அந்த வேலையைக் கவனித்துக் கொள்வதே காரணம். நீங்கள் லாக் ஆன் செய்யும் முன்பே கூட இயங்கக் கூடிய இத்தகைய புரோகிராம்களுக்குத் திரையில் விண்டோ கிடையாது.

"சர்வீஸிலேயே ஒரு விண்டோவைத் திறக்க வைத்தால் என்ன?" என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் இது முடிந்தது. முதலில் லாக் ஆன் செய்பவரும் சர்வீஸ்களும் செஷன் 0 என்ற ஒரே இடத்தில் இயங்கியதால், சர்வீஸ் திறக்கும் விண்டோ அவருடைய திரையில் தோன்றும்.

ஆபத்தும் அங்கேதான் இருந்தது. பல சர்வீஸ்கள் லோக்கல் சிஸ்டம் என்ற மிக உயர்ந்த அதிகாரத்துடன் இயங்குகின்றன. அவற்றின் விண்டோவுக்குச் சாதாரண புரோகிராமும் செய்தி அனுப்பி, அந்த அதிகாரத்தைக் கைப்பற்ற முடியும். 'ஷேட்டர் அட்டாக்' எனப்படும் இந்த வழி 2002ல் வெளிச்சத்துக்கு வந்தது. விஸ்டா முதல் செஷன் 0 சர்வீஸ்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. பயனாளர்களுக்கு செஷன் 1 முதல் தரப்படுகிறது. எனவே சர்வீஸ் விண்டோ திறந்தாலும் அது உங்கள் கண்ணில் படாது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து டீடெய்ல்ஸ் டேபுக்குச் செல்லுங்கள். மேலே உள்ள தலைப்பில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் பிரிவில் செஷன் ஐடியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான சர்வீஸ்களுக்கு எதிரே 0 என்று இருக்கும்.

அப்படியானால் ஆன்டி வைரஸ் ஐகான் கடிகாரத்தின் அருகே எப்படி வருகிறது? அது தனி புரோகிராம். நான் சர்வீஸ் எழுதும்போதும் இப்படி இரண்டாகத்தான் பிரிக்கிறேன். ஒன்று, வேலை செய்யும் சர்வீஸ். மற்றொன்று, உங்கள் செஷனில் உங்கள் அதிகாரத்துடன் மட்டும் இயங்கும் சிறிய விண்டோ. இரண்டும் நேம்டு பைப் என்ற குழாய் வழியே பேசிக் கொள்ளும்.

இந்தக் குழாயில் கவனம் தேவை. வருவதை எல்லாம் சர்வீஸ் நிறைவேற்றினால் பழைய ஓட்டை மீண்டும் திறந்துவிடும். "நிலவரம் சொல்", "ஸ்கேன் தொடங்கு" போன்ற குறிப்பிட்ட சில கட்டளைகளை மட்டுமே ஏற்க வேண்டும். "பாதுகாப்பை நிறுத்து" என்று வந்தால், கேட்பவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உண்டா என்று சர்வீஸே சரிபார்க்க வேண்டும்.

இதில் உங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. ஐகானை மூடினால் பெரும்பாலும் அந்த விண்டோ மட்டுமே மூடப்படுகிறது. சர்வீஸ் தொடர்ந்து இயங்கும். அதேபோல், ஐகான் தெரிவதாலேயே சர்வீஸ் இயங்குகிறது என்றும் நம்பிவிடாதீர்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, சர்வீசஸ்.எம்எஸ்சி என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அங்கே ஸ்டேட்டஸ் என்பதன் கீழ் ரன்னிங் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அதுதான் உண்மை நிலவரம்.