வில்லை பிரியாக் கமராவும் உணரித் தூசும்

கள ஆய்விலும் ஆவணப்படுத்தலிலும் ஈடுபடுவோர் இன்று பெரிதும் கையாளும் கருவிகளுள் இலக்கமுறைக் கமராவும் ஒன்றாகும். வில்லையைக் கழற்றி மாற்றத்தக்கவை, வில்லை உடலோடு நிலையாகப் பொருத்தப்பட்டவை என இக்கமராக்கள் இருவகைப்படும். முதல் வகையில் வில்லையைக் கழற்றும்போதெல்லாம் தூசு உட்புகும் என்பதைப் பலரும் அறிவர். இரண்டாம் வகை மூடிய பெட்டியை ஒத்தது, ஆதலால் அதனுள்ளே தூசு புகாது என்பது பரவலான நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும், தூசு புகுந்தவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பதையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூசு புகும் வழி

வில்லை பிரியாக் கமராக்களிற் பல, இயக்கும்போது வில்லைக்குழல் வெளியே நீண்டு, அணைக்கும்போது உள்ளே ஒடுங்கும் அமைப்பின. குழல் நீளுந்தோறும் உள்ளிருக்கும் கனவளவு கூடுகின்றது. அதனை நிரப்ப வெளிவளி குழலின் இடுக்குகளூடாக உறிஞ்சப்படுகின்றது. கொல்லன் துருத்தியின் தொழிற்பாடும் இதுவே. சட்டைப்பையின் நூற்றுகள், வீதிப் புழுதி, மணற்றுகள் ஆகியன அவ்வளியோடு உட்செல்கின்றன. இவ்வாறு புகுந்த தூசு படிவது சிலிக்கன் உணரியின் மீதன்று; அதற்கு முன்னுள்ள வடிகண்ணாடியின் மீதாகும். இவ்வேறுபாடு அற்பமானதன்று. தூசுக்கும் உணரிக்கும் இடையிலுள்ள அச்சிறு தூரமே தூசு கண்ணுக்குப் புலப்படுவதையும் புலப்படாமையையும் நிர்ணயிக்கின்றது.

நிழலின் கணிதம்

உணரியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி கூம்பு வடிவில் வந்து சேர்கின்றது. தூசு படிந்த தளத்தில் அக்கூம்பின் விட்டம், உணரியிலிருந்து அத்தளத்தின் தூரத்தைத் துவார எண்ணால் வகுக்கக் கிடைப்பதாகும். தூரம் 1 மில்லிமீற்றர் எனவும், தூசின் விட்டம் 0.05 மில்லிமீற்றர் எனவும் கொள்வோம். துவார எண் 2.8 ஆயின் கூம்பின் விட்டம் ஏறக்குறைய 0.36 மில்லிமீற்றர், தூசு மறைப்பது ஒளியில் நூற்றுக்கு 2 பங்கே. துவார எண் 16 ஆயின் கூம்பு 0.06 மில்லிமீற்றராகச் சுருங்க, அதே தூசு நூற்றுக்கு 60 பங்குக்கு மேற்பட்ட ஒளியைத் தடுத்துவிடுகின்றது. கண்ணாடியின் முறிவு விளைவை நீக்கிய அண்ணளவான கணிப்பே இது. எனினும் உண்மை இதனால் தெளிவாகும். அகன்ற துவாரத்தில் எடுத்த படங்களில் ஒளிந்திருக்கும் தூசு, துவாரத்தைச் சுருக்கியதும் கரும்புள்ளியாக வெளிப்படுவதன் காரணம் இதுவேயாம்.

வில்லையின் முன்கண்ணாடியிற் படியும் தூசின் நிலை வேறானது. அது குவியத் தளத்திலிருந்து வெகு தொலைவிலுள்ளமையால், படத்திற் புள்ளியாகத் தோன்றுவது அரிது. எனவே, கரும்புள்ளியைக் கண்டு முன்கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைப்பது பயனற்ற முயற்சி.

ஆவணத்தில் ஒரு புள்ளி

நீலவானப் படத்தில் ஒரு புள்ளி தோன்றினால் அழகு குன்றும். ஆனால் ஆவணத்திலோ பொருளே மாறுபடலாம். 24 சென்ரிமீற்றர் நீளமான ஓலையொன்று ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் அகலமான உணரியிற் பதிவதாகக் கொள்வோம். உணரிமேல் 0.1 மில்லிமீற்றர் அகலமுள்ள நிழல், ஓலையளவிற் பார்க்கும்போது 1 மில்லிமீற்றர்ப் புள்ளியாகின்றது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆதலால், இடையே தோன்றும் ஒரு புள்ளி ஏடெழுதியோன் இட்டதோ, பூச்சியரித்த துளையோ, கமராவின் தூசோ என்னும் ஐயம் பாடபேத ஆய்வுக்கு நேரடியாகப் பகையாகும். மூல ஏடு பின்னர் அழிந்துபடின் அவ்வையத்தைத் தீர்க்க வழியுமில்லை.

இனங்காணலும் பரிகாரமும்

முதலாவதாக, வெண்சுவரையோ தெளிந்த வானத்தையோ மிகச் சிறிய துவாரத்திற் படமெடுத்தல் வேண்டும். அடுத்தடுத்த படங்களில் அதேயிடத்திற் புள்ளி நிலைக்குமாயின், அது கமராவினுள் இருப்பதாகும். துவாரத்தை மாற்றியும் உருமாறாத ஒளிப்புள்ளியாயின் அது உணரிக் கலத்தின் குறைபாடு; தூசன்று.

இரண்டாவதாக, ஆவணம் தட்டையானதாயின் இடைத்தரத் துவாரத்தைப் பயன்படுத்தல் நன்று. ஒவ்வொரு பக்கத்தையும் சற்று இடம்பெயர்த்து இருமுறை எடுப்பது மேலும் நன்று. ஏட்டின் புள்ளி ஏட்டோடு நகரும். தூசின் புள்ளி நின்றவிடத்திலேயே நிற்கும்.

மூன்றாவதாக, சில கமராக்களில் வடிகண்ணாடியை அதிரச்செய்து தூசை உதறும் பொறிமுறை உண்டு. ஒலிம்பஸ் நிறுவனம் 2003 இல் வெளியிட்ட ஈ-1 என்னும் கமராவிற் கழியொலி அதிர்வு கையாளப்பட்டது. வில்லை பிரியா வகையில் றிக்கோ ஜீ.ஆர் 3 இத்தகைய வசதியுடையது. ஒட்டிக்கொண்ட தூசு இதனால் அகலும் என்பதற்கு உறுதியில்லை.

தூசு உறிஞ்சும் இயந்திரத்தை வில்லைக்குழலிற் பொருத்தி இழுப்போரும் உளர். சிலவேளை இது பயன்தரினும், நுண்ணிய குழற்பொறிக்கும் மூடிக்கும் ஊறுவிளைக்கக் கூடியது, புதுத்தூசையும் உள்ளிழுக்கலாம். கமராவைத் திறக்க முனைவோர், மின்னொளி விளக்குடைய கமராக்களின் கொள்ளளவியில் மின்கலம் அகற்றிய பின்னரும் சில நூறு வோல்ற்று மின் எஞ்சியிருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

கணினியிற் புள்ளியை அழித்தல் எளிது. ஆயினும், ஆவணப் படத்தில் திருத்தம் செய்வோர் மூலப்படத்தைத் தனியே பேணி, திருத்தத்தைக் குறித்து வைத்தல் கடன். திருத்தியது எதுவென்று சொல்லாத படம் சான்றாகாது.

கருவியும் உரிமையும்

தூசு இயற்கையின் செயல். அத்தூசை அகற்ற இயலாதவாறு கருவியை அமைப்பது மனிதரின் தீர்மானம். கழற்றும் வகைக் கமராவில் உரிமையாளர் தாமே துடைக்கக்கூடிய ஒரு கண்ணாடித் துண்டு, வில்லை பிரியாக் கமராவில் முழு உடலையும் பிரித்தாலன்றி எட்டாத பொருளாகின்றது. மலிவான கமராவாயின் கூலி கமராவின் விலையை நெருங்க, ஒரு துகளின் பொருட்டுக் கருவி முழுவதும் குப்பையாகின்றது. புகாமற் காத்தல் இயலாததுமன்று. 2019 இல் வந்த லைக்கா கியூ2 தூசுக்கும் நீர்த்துளிக்கும் எதிரான காப்புடன் அமைந்தது. ஆனால் அதன் விலை பெரும்பாலோருக்கு எட்டாதது. 2020 இல் வந்த பியூஜிபிலிம் எக்ஸ்100வி கமராவில் அக்காப்பு முழுமை பெறுவதற்கு வளையமும் வடிகண்ணாடியும் வேறாக வாங்கப்படல் வேண்டும். காப்பு பண்டத்தின் இயல்பாயிராது, மேலதிக விலைக்குரிய சலுகையாகிவிட்டமை இதனாற் புலனாகும்.

2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்த்தலை ஊக்குவிக்கும் பணிப்புரையொன்றை நிறைவேற்றியது. சலவை இயந்திரமும் கைத்தொலைபேசியும் அடங்கிய அதன் பண்டப் பட்டியலிற் கமரா இடம்பெறவில்லை. நூலகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் ஆவணப்பணிக்குக் கமரா வாங்கும்போது படத்தின் தரத்தோடு, உணரியைத் தூய்மை செய்ய வழியுண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். வில்லை கழற்றத்தக்க கமரா பாரமானதாயினும் இப்பணிக்கு அதுவே ஏற்றதாகும். வில்லை பிரியாக் கமராவே கைவசமிருப்பின், ஒவ்வொரு நாட்பணியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வெற்றுத்தாளைப் படமெடுத்து ஏட்டுப் படங்களோடு சேர்த்து வைத்தல் வேண்டும். புள்ளி எவருடையது என்று பின்வரும் ஆய்வாளர் வினவும்போது, அவ்வெற்றுத்தாள் விடை கூறும்.