மாத்திரைக்கு மசியாத கிருமி!

"உடம்பு சூடு. இளநீர் குடித்தால் சரியாகிவிடும்."

நீர்க்கடுப்பு வந்தால் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் போதாமல் எரிச்சல் வருவது உண்டுதான். ஆனால், எரிச்சலோடு அடிக்கடி சிறுநீர் பிரிகிறது, அடிவயிறும் வலிக்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் சூடு அல்ல. கிருமி!

இந்த நோயை அதிகமாக உண்டாக்கும் கிருமி, 'ஈ-கோலை'. 1885-ல் எஷரிஷ் என்ற டாக்டர் ஜெர்மனியில் இதைக் கண்டுபிடித்தார்.

நம் எல்லோருடைய குடலிலும் ஈ-கோலை வாழ்கிறது. அங்கே பெரும்பாலும் அது சாது. சிறுநீர்ப் பாதையில் புகுந்தால்தான் வம்பு! பெண்களுக்கு அந்தப் பாதை குட்டை. ஆகவே, இந்த நோய் அவர்களுக்கே அதிகம் வருகிறது.

20 நிமிஷத்தில் இரண்டு!

கிருமியைக் கொல்ல மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால், முன்பு நன்றாகக் கேட்ட மாத்திரைகள் பல, இன்று பலருக்குக் கேட்பதில்லை. ஏன்?

தீனியும் கதகதப்பும் கிடைத்தால், ஒரு கிருமி 20 நிமிஷத்தில் இரண்டாகும். 10 மணி நேரத்தில் 100 கோடியைத் தாண்டிவிடும்!

அத்தனை கோடியில் ஏதோ ஒன்றுக்கு மருந்தைத் தாங்கும் சக்தி வந்துவிடுகிறது. மாத்திரை போட்டதும் மற்றவை சாகின்றன. அது மட்டும் பிழைக்கிறது. பிறகு பெருகுவது அதன் வம்சம்தான்.

அதோடு முடிந்ததா? இல்லை. அந்தச் சக்தியைப் பக்கத்துக் கிருமிக்கும் அது கொடுத்துவிடும்! சீதபேதிக் கிருமிக்கும் ஈ-கோலைக்கும் இடையே இந்தக் கொடுக்கல் வாங்கல் நடப்பதை, 1959-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

பிளெமிங் சொன்ன கதை

பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஒரு கற்பனைக் கதை சொன்னார்.

ஒருவனுக்குத் தொண்டை வலி. தானாகவே மருந்து வாங்கி, அரைகுறையாகச் சாப்பிட்டான். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. அது அவன் மனைவியைத் தொற்றியது. அவளுக்கு மருந்து பலிக்கவில்லை. அவள் இறந்துபோனாள்!

எந்த மருந்து கேட்கும்?

இதை அறிய ஒரு சோதனை இருக்கிறது. 'கல்ச்சர்' என்பார்கள். சிறுநீரில் உள்ள கிருமியை ஒரு சிறு தட்டில் வளர்க்கிறார்கள். பல மருந்துகள் தோய்ந்த சிறு வில்லைகளை அதன்மேல் வைக்கிறார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ, அந்த மருந்து கேட்கும்!

முடிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். டாக்டர் இந்தச் சோதனை செய்யச் சொன்னால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும்.

தாய்மார்களே, கவனியுங்கள்!

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

போன தடவை மிஞ்சிய மாத்திரையைப் போடாதீர்கள். அடுத்த வீட்டுக்காரருக்கும் கொடுக்காதீர்கள். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ, அத்தனை நாளும் சாப்பிடுங்கள்.

குளிர்க் காய்ச்சலும் விலாப்பக்கம் வலியும் சேர்ந்தால், கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அது ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து! கர்ப்பிணிகள் சாதாரண எரிச்சலைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது. இளநீரை நம்பிக் காத்திருக்காமல், உடனே டாக்டரிடம் போங்கள்.