உழவு இயந்திரத்துக்கு ஒரு துணைப் பியூஸ் பெட்டி
மேலதிக விளக்கும் பிற உபகரணங்களும் பூட்டுவோர் கவனிக்க வேண்டியவை

இடம்பெயர்ந்து வாழ்ந்த விவசாயக் குடும்பத்துக்கு உழவு இயந்திரம் வெறும் உழவுக்கு மட்டும் உரியதல்ல. விதை நெல் வருவதும், அறுவடை சந்தைக்குப் போவதும், கூரைத் தகரமும் தண்ணீர்ப் பீப்பாவும் ஏறி இறங்குவதும் அதில்தான். ஆபத்து வந்த வேளையில் பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றிச் சென்றதும் அதுவே. 2009ஆம் ஆண்டில் தமது வாகனங்களைக் கைவிட்டு வெறுங்கையோடு வந்த வன்னிக் குடும்பங்கள் பல. அப்படி வெயிலிலும் மழையிலும் கிடந்து, பின்னர் மீட்டுத் திருத்தப்பட்ட இயந்திரங்களில் எஞ்சின் ஓடினாலும் வயர்கள் நம்பத் தகுந்தவையாக இருப்பதில்லை. உறை வெடித்திருக்கும். எலி கடித்திருக்கும். உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும்.

அத்தகைய பழைய வயர்களில்தான் நாம் புதிய சுமைகளை ஏற்றுகிறோம். இரவு உழவுக்கு இரண்டு பெரிய விளக்கு, பெட்டிக்குப் பின்விளக்கு, கைத்தொலைபேசிக்குச் சார்ஜர், பாட்டுக் கேட்க றேடியோ, மருந்து தெளிக்க ஒரு சிறு மோட்டார். இவை ஒவ்வொன்றும் தேவையானவையே. ஆனால் அவற்றைப் பூட்டும் முறைதான் பிழை. கைக்கு எட்டிய ஒரு வயரின் உறையைச் சீவி, புதிய வயரை அதில் முறுக்கி, ரேப் சுற்றிவிடுவது எங்கும் காணப்படும் வழக்கம். அடுத்த உபகரணத்தையும் அதே வயரில் முறுக்குவார்கள். ஒரு நாள் பியூஸ் போகும். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி அதைத் திரும்பப் போடுவார்கள். அன்றிலிருந்து அந்த வாகனத்துக்குக் காவல் இல்லை.

இதற்குச் சரியான வழி, தனியான ஒரு துணைப் பியூஸ் பெட்டி பூட்டுவது. இது பெரிய தொழில்நுட்பம் அல்ல. பொறுமையும் கொஞ்சம் கணக்கும் இருந்தால் ஊரிலுள்ள எந்த இளைஞனும் யுவதியும் செய்யக்கூடியதே.

பியூஸ் செய்யும் வேலை

குளத்தின் கட்டு எங்கே உடையும் என்று தெரியாமல் நாம் விடுவதில்லை. வெள்ளம் கூடினால் இந்த இடத்தால் போகட்டும் என்று வான் அமைத்து வைக்கிறோம். மின்சாரத்திலும் அப்படியே. அளவுக்கு மிஞ்சி மின்னோட்டம் பாய்ந்தால், வயர் முழுவதும் எரிவதற்கு முன்னர், நாம் தீர்மானித்த ஒரு சிறு இடத்தில் உலோகத் துண்டு உருகி வழியை அறுத்துவிட வேண்டும். அதுவே பியூஸ்.

பியூஸ் காப்பது விளக்கையோ றேடியோவையோ அல்ல, அதற்குப் போகும் வயரையே. ஆகவே பியூஸின் அளவு வயர் தாங்கும் அளவுக்கு மேல் போகக்கூடாது.

ஒரு வயரில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 12 வோல்ற் பற்றரி தொட்டால் நம்மை அடிக்காது. அதனால் அதை எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆனால் அதன் உயிர் வயர் இயந்திரத்தின் உடலில் நேரே முட்டினால் பல நூறு அம்பியர் பாயும். மெல்லிய வயர் சில வினாடிகளில் செக்கச் சிவந்துவிடும். பக்கத்தில் டீசல் குழாயும் எண்ணெய் ஊறிய தூசியும் இருக்கும். மிகுதியைச் சொல்லத் தேவையில்லை.

பழைய வாகனங்களில் காவல் இன்னும் குறைவு. நம் பகுதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காரில் இருந்தவை இரண்டே பியூஸ். முன்விளக்குகளுக்குப் பியூஸே இல்லை. அந்தப் பிரித்தானியக் கண்ணாடிப் பியூஸில் 35 அம்பியர் என்று எழுதியிருந்தால், அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 அம்பியர்தான். அதைக் கழற்றிவிட்டு இக்காலத்து 35 அம்பியர் பியூஸைப் பொருத்துவது பெரும் தவறு.

முதலில் கணக்கு

வாற்றை வோல்ற்றால் பிரித்தால் அம்பியர் வரும். இதுவே முழுக் கணக்கும். 12 வோல்ற் உழவு இயந்திரம் ஒன்றுக்குப் பார்ப்போம்.

இரவு வேலைக்கு 55 வாற்று விளக்கு இரண்டு: 110 வாற்று, ஏறக்குறைய 9 அம்பியர்.
பெட்டியின் பின்விளக்கு இரண்டு, இலக்கத்தகட்டு விளக்கு ஒன்று, பிரேக் விளக்கு இரண்டு: 57 வாற்று, ஏறக்குறைய 5 அம்பியர்.
தெளிக்கும் மோட்டார் 60 வாற்று: 5 அம்பியர்.
றேடியோ: 3 அம்பியர்.
தொலைபேசிச் சார்ஜர்: 2 அம்பியர்.

மொத்தம் 24 அம்பியர். இனி, உங்கள் இயந்திரம் எவ்வளவு தரும்? பழைய டைனமோக்களில் சில 11 அம்பியரும், சில 22 அம்பியரும் மட்டுமே தருபவை. முன்விளக்குக்கும் அதில்தான் பங்கு. வரவை மீறிய செலவைப் பற்றரி தாங்கும், ஆனால் நெடுநேரம் தாங்காது. விடியற்காலை ஸ்ராற்றர் சுற்றாது. ஆகவே பெரிய விளக்குகளுக்குப் பதிலாக 18 வாற்று எல்.ஈ.டி. விளக்கு இரண்டு பூட்டினால் 9 அம்பியர் இருந்த இடத்தில் 3 அம்பியர் போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல் இருப்பதும் ஒரு சிக்கனமே.

பியூஸைத் தெரிவு செய்யும்போது, தொடர்ந்து எடுக்கும் மின்னோட்டம் அதன் அளவில் முக்கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 9 அம்பியர் விளக்குக்கு 10 அம்பியர் பியூஸ் போட்டால் வீணாக உருகும், 15 பொருந்தும். தட்டையான பியூஸ்களை நிறத்தாலேயே இனங்காணலாம். இள மண்ணிறம் 5, கபிலம் 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

வயரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பெரிய விளக்குக்கு 15 அம்பியர் பியூஸும் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரும். தெளிக்கும் மோட்டாருக்கு 10 அம்பியரும் 1.5 வயரும். பெட்டி விளக்குகளுக்கு 7.5 அம்பியரும் 1.5 வயரும். றேடியோ, சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் 5 அம்பியரும் 1 வயரும் போதும். பற்றரியிலிருந்து பெட்டிக்கு வரும் தாய் வயர் 6 சதுர மில்லிமீற்றர், அதன் தலைப் பியூஸ் 30 அம்பியர். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். அது அதிர்ச்சியில் முறியும். பல இழை கொண்ட வாகன வயரையே வாங்குங்கள்.

பூட்டும் முறை

வாய்க்கால் முறையை நினைத்துக்கொண்டால் எல்லாம் விளங்கும். குளத்தின் துருசிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து வயலுக்கு வயல் தனிக் கிளை, கிளைக்குக் கிளை தனிக் கதவு. ஒரு கிளையை அடைத்தால் மற்றைய வயல்கள் காயமாட்டா. நமது பெட்டியும் அவ்வாறே. றேடியோவின் பியூஸ் போனால் பின்விளக்கு அணையக்கூடாது.

1. முதலில் பற்றரியின் ஏர்த் பக்க வயரைக் கழற்றுங்கள். உயிர்ப் பக்கத்தை முதலில் கழற்றும்போது ஸ்பனர் உடலில் முட்டினால் தீப்பொறி பறக்கும். பற்றரியிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது. வேலை முடிந்தபின் ஏர்த் பக்கத்தைக் கடைசியாகப் பூட்டுங்கள்.

2. பெட்டிக்கு இடம் பாருங்கள். மழை நீரும் சேறும் படாத இடமாகவும், எஞ்சின் சூட்டிலிருந்தும் டீசல் குழாயிலிருந்தும் விலகியதாகவும், இருட்டிலும் கை எட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பற்றரிக்கு நேர் மேலே வைக்க வேண்டாம். அமில ஆவி முனைகளை அரித்துவிடும்.

3. தலைப் பியூஸைப் பற்றரிக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை என்பதை மறக்கக்கூடாது.

4. பெட்டியை இரண்டு பகுதியாக அமையுங்கள். ஒன்று எப்போதும் உயிருள்ள பகுதி. மற்றையது திறப்புப் போட்டால் மட்டும் உயிர் பெறும் பகுதி. பெட்டியின் பின்விளக்கை முதற் பகுதியில் பூட்டுங்கள். இயந்திரம் தெருவோரத்தில் பழுதாகி நிற்கும் வேளையிலும் அது எரிய வேண்டும். வேலை விளக்கு, றேடியோ, சார்ஜர், மோட்டார் ஆகியவை இரண்டாம் பகுதியில் இருக்கட்டும். மறந்துபோய்விட்டாலும் பற்றரி இறங்காது.

5. இரண்டாம் பகுதிக்கு 40 அம்பியர் றிலே ஒன்று தேவை. அதன் கால்களில் இலக்கங்கள் இருக்கும். தலைப் பியூஸிலிருந்து வரும் வயர் 30இல். பெட்டிக்குப் போகும் வயர் 87இல். திறப்பிலிருந்து ஒரு சிறு பியூஸ் வழியாக வரும் மெல்லிய வயர் 86இல். ஏர்த் 85இல். இப்படிச் செய்தால் திறப்பின் ஆளியில் பெருஞ் சுமை விழாது.

6. ஏர்த்தைக் கவனியுங்கள். விளக்கு மங்குவதற்கும் இடையிடையே அணைவதற்கும் பெரும்பாலும் காரணம் அதுதான். பெயின்றையும் துருவையும் சுரண்டி, உலோகம் பளிச்சிடும் இடத்தில் இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். பெட்டியின் விளக்குகளுக்கு இழுவை ஊசியை ஏர்த்தாக நம்ப வேண்டாம். அங்கே கிறீஸும் மண்ணும் துருவும் இருக்கும். பிளக் வழியாகத் தனி ஏர்த் வயர் ஒன்று கொண்டுபோங்கள்.

7. தகடு துளைத்துப் போகும் இடங்களில் றப்பர் வளையம் போடுங்கள். மிகுதித் தூரத்துக்கு வயர்களைக் குழாய்க்குள் விட்டு, அசையாமல் கட்டுங்கள். முனைகளைக் குறட்டால் சரியாக நெரித்துப் பூட்டுங்கள். முறுக்கி ரேப் சுற்றுவது பூட்டு ஆகாது.

8. பியூஸ்களைக் கடைசியாக, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது எதற்குரியது, எத்தனை அம்பியர் என்று மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வோர் அளவிலும் இரண்டு பியூஸ் மேலதிகமாக அங்கேயே வைத்திருங்கள்.

பழைய பிரித்தானிய உழவு இயந்திரங்களிலும் கார்களிலும் பற்றரியின் நேர்முனையே உடலோடு பூட்டப்பட்டிருக்கலாம். வேலை தொடங்குமுன் இதைப் பாருங்கள். அவ்வாறாயின் பியூஸ் எதிர்முனைப் பக்க வயரில் வர வேண்டும். எல்.ஈ.டி. விளக்கையும் சார்ஜரையும் வழமைபோல் பூட்டினால் அவை பழுதாகும், சார்ஜரின் உலோக உடல் இயந்திரத்தில் முட்டினால் குறுக்கிணைப்பும் ஏற்படும். 24 வோல்ற் லொறிகளில் அதே வாற்றுக்கு அம்பியர் பாதியாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பற்றரி இல்லாத இரு சக்கர உழவு இயந்திரங்களுக்கு இங்கே சொன்ன அமைப்புப் பொருந்தாது.

பியூஸ் போனால்

பியூஸ் போவது ஒரு செய்தி. அதைக் கேட்காமல் பெரிய பியூஸைப் போடுவது, காய்ச்சல்காரனின் வெப்பமானியை உடைப்பது போன்றது. முதலில் அந்தக் கிளையின் உபகரணங்களை நிறுத்துங்கள். போன பியூஸின் இடத்தில் 21 வாற்று பல்ப் ஒன்றை இரண்டு வயரால் இணையுங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ வயர் உடலில் முட்டுகிறது. வயரை இடத்துக்கு இடம் அசைத்துப் பாருங்கள். பல்ப் அணையும் இடத்தில் குற்றம் இருக்கும். பல்ப் எரியாவிட்டால் குற்றம் உபகரணத்தில் இருக்கலாம். அதைத் தனியே சோதியுங்கள். இந்தச் சோதனையில் பல்பே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் வயர் எரியாது.

1990க்குப் பின் வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாம். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாம். அந்தக் கைத்திறன் வீண்போகவில்லை. ஆனால் இல்லாமையின் காலத்தில் பழகிய சில குறுக்கு வழிகளும் நம்மோடு கூடவே வந்துவிட்டன. பியூஸின் இடத்தில் வயர்த் துண்டு வைப்பது அவற்றில் ஒன்று. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று பியூஸ் கடையில் கிடைக்கிறது, விலையும் சிறிது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்ட வசதி இல்லாதவர்கள், தலைப் பியூஸையும் பெட்டியின் பின்விளக்கையும் முதலில் பூட்டுங்கள். தலைப் பியூஸ் உங்கள் இயந்திரத்தை நெருப்பிலிருந்து காக்கும். பின்விளக்கு, இரவில் நெல் மூட்டைகளின் மேல் அமர்ந்து வீடு திரும்பும் உங்கள் பிள்ளைகளைப் பின்னால் வரும் லொறிக்குக் காட்டும். றேடியோ அடுத்த போகத்துக்கு இருக்கட்டும்.