கேஷ்மியர் ஆடைகளும் பொறுப்பான நுகர்வும்

கேஷ்மியர் என்பது கடுங்குளிர் நிலவும் மேட்டுநிலங்களில் வளர்க்கப்படும் வெள்ளாடுகளின் வெளிமயிருக்கு அடியில் வளரும் மெல்லிய இழை ஆகும். காஷ்மீரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற சால்வைகளால் இப்பெயர் வந்தது. காஷ்மீரிலும் லடாக்கிலும் இதன் மிக நுண்ணிய வகை பஷ்மினா எனப்படுகிறது. உலக உற்பத்தியில் சீனா முதலிடத்திலும் மங்கோலியா அடுத்த இடத்திலும் உள்ளன. ஆட்டைக் கொல்லாமலே எடுக்கப்படும் இயற்கை இழை என்பதால் இது தீங்கற்றது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் மேய்ச்சல் நிலத்தின் நிலை, ஆடுகளின் நலம், இடையர்களின் வருமானம், நூற்போரின் கூலி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓர் ஆடை அறம் சார்ந்ததா என்று கூற முடியும்.

இழையின் அளவும் விலையும்

குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும்போது ஆடுகளின் அடிமயிர் தானாகவே உதிரத் தொடங்கும். அப்போது இடையர்கள் நீண்ட பற்களுடைய சீப்பால் அதை வாரி எடுக்கின்றனர். சில நாடுகளில் மயிர் முழுவதும் கத்தரித்து எடுக்கப்படுகிறது. குளிர் விலகும் முன்னரே கத்தரித்தால் ஆடு குளிரில் வாடும். அவசரமாகச் சீப்பை இழுத்தால் தோல் காயப்படும்.

முரட்டு மயிரை நீக்கிய பிறகு ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் நல்ல இழையே கிடைக்கும். செம்மறி ஆடோ பல கிலோ கம்பளி தருகிறது. ஒரு கேஷ்மியர் மேற்சட்டைக்குப் பொதுவாக 2 முதல் 4 ஆடுகளின் ஓராண்டு இழை வேண்டும். எனவே மிக மலிவான விலைக்கு விற்கப்படும் ஆடையில் வேறு இழை கலந்திருக்கலாம், தரம் குறைந்த குட்டை இழை பயன்பட்டிருக்கலாம், அல்லது அந்த விலைக்குறைவை இடையரும் மேய்ச்சல் நிலமும் சுமந்திருக்கலாம்.

மங்கோலியாவின் அனுபவம்

மங்கோலியாவில் 1990-களில் சோசலிச ஆட்சிமுறை முடிவுற்றதும் கூட்டுறவு மந்தைகள் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கேஷ்மியர் இடையர்களின் முக்கிய வருமானமாயிற்று. 1990-இல் சுமார் 50 இலட்சமாக இருந்த வெள்ளாடுகள் 2018-இல் 2.7 கோடியாகப் பெருகின. இழை எடைக்கு விற்கப்படுவதால், தரத்தை உயர்த்துவதைவிட ஆடுகளைக் கூட்டுவதே எளிய வழியாக இருந்தது. வெள்ளாடு புல்லை அடிவரை மேயும் இயல்புடையது. மிகை மேய்ச்சலும் வெப்பநிலை உயர்வும் சேர்ந்து புல்வெளிகளைச் சீரழித்தன. கோடையில் போதிய தீவனம் பெறாத மந்தை, ட்சுட் எனப்படும் கொடிய குளிர்காலத்தைத் தாங்குவதில்லை. 2009-10 ட்சுட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மந்தையை இழந்த பல குடும்பங்கள் நகர ஓரங்களில் குடியேறின.

லடாக்கும் காஷ்மீரும்

லடாக்கின் சாங்தாங் பகுதியில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், சாங்பா எனும் நாடோடி இடையர்கள் சாங்தாங்கி ஆடுகளை வளர்க்கின்றனர். அங்கு எடுக்கப்படும் இழை பெரும்பாலும் காஷ்மீருக்குச் சென்று நூலாகிறது. வீட்டிலிருந்து இராட்டையில் நூற்கும் பெண்களின் கூலி மிகக் குறைவு. இயந்திர நூலும் விசைத்தறியும் பரவியதால் அவர்களில் பலர் தொழிலை விட்டனர். கையால் நூற்று, கைத்தறியில் நெய்த காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. லடாக் பஷ்மினா 2023-இல் அக்குறியீட்டைப் பெற்றது.

ஷாதூஷ் என்பது வேறு. அது சிரு எனும் திபெத்திய மானைக் கொன்று எடுக்கப்படுவது. அதன் பன்னாட்டு வணிகம் 1979 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இந்தியாவிலும் அதை விற்பது குற்றம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

- இழை விவரம்: சீட்டில் கேஷ்மியரின் விழுக்காடு தெளிவாக இருக்க வேண்டும். பஷ்மினா என்ற சொல் மட்டும் போதாது. விஸ்கோஸ் சால்வைகளும் அப்பெயரில் விற்கப்படுகின்றன.
- சோதனைகள்: மோதிரத்தின் வழியே சால்வையை இழுத்துக் காட்டுவது சான்றாகாது, மெல்லிய எந்தத் துணியும் அவ்வாறு நுழையும். எரித்துப் பார்த்தால் செயற்கை இழையை அறியலாம். செம்மறிக் கம்பளியைப் பிரித்தறிய இயலாது. ஆய்வகச் சோதனையே நம்பகமானது.
- தோற்றம்: இழை எந்த நாட்டிலிருந்து வந்தது, யாரிடம் வாங்கப்பட்டது என்பதை விற்பனையாளர் கூற வேண்டும். தைக்கப்பட்ட நாட்டின் பெயர் இதற்கு விடையாகாது.
- சான்றிதழ்: குட் கேஷ்மியர் ஸ்டாண்டர்ட், சஸ்டைனபிள் ஃபைபர் அலையன்ஸ் ஆகியவை ஆடுகளின் நலத்தையும் மேய்ச்சல் முறையையும் கருத்தில் கொள்கின்றன. புவிசார் குறியீடு பிறப்பிடத்தையும் தயாரிப்பு முறையையும் உறுதிசெய்யும். மேய்ச்சல் நிலம் பற்றி அது எதுவும் கூறாது.
- மறுபயன்பாடு: பழைய ஆடைகளைப் பிரித்து நூற்கும் மறுசுழற்சிக் கேஷ்மியருக்குப் புதிய ஆடுகள் தேவையில்லை. இழை குட்டையாவதால் பெரும்பாலும் வேறு கம்பளியுடன் கலக்கப்படும். பயன்படுத்திய ஆடையை வாங்குவதும் நல்ல வழி.

பராமரிப்பு

கேஷ்மியரைக் குளிர்ந்த நீரில் மென்மையான சவர்க்காரம் இட்டுக் கையால் அலசி, முறுக்காமல், சமதளத்தில் விரித்து உலர்த்த வேண்டும். தொங்கவிட்டால் வடிவம் குலையும். சுத்தம் செய்து மடித்து, காற்றுப் புகாத பையில் வைத்தால் அந்துப்பூச்சி அணுகாது. சிறு கிழிசலைத் தைத்து அணியலாம்.

எந்தச் சான்றிதழும் வரம்பற்ற தேவையை ஈடுசெய்யாது. ஓர் ஆடு தரும் இழை சில நூறு கிராமைத் தாண்டாது. புல்வெளி தாங்கும் ஆடுகளுக்கும் அளவு உண்டு. ஆகவே ஆண்டுதோறும் மலிவான ஆடைகளை வாங்குவதைவிட, தோற்றம் அறிந்த ஒன்றை வாங்கிப் பல ஆண்டுகள் அணிவதே புல்வெளிக்கும் இடையருக்கும் நூற்போருக்கும் நன்மை தரும்.