பயிலும் சிறகுகள்



கட்டைபறிச்சான் களப்புக் கரையிற் காலை வேளையில் நிற்பவர்க்கு, கொட்டியாரக்குடாவின் பக்கமாகச் சில நாட்களில் ஒரு சிறு விமானத்தின் இரைச்சல் கேட்கும். சீராக வந்த ஓசை திடீரென அடங்கும். சற்றுப் பொறுத்து மீண்டும் உரக்க எழும். 2006ஆம் ஆண்டில் வான்தாக்குதல்களுக்கு அஞ்சி வீடு வாசலை விட்டோடியவர்கள் வாழும் பகுதி இது. ஆதலால், ஆகாயத்தில் யந்திர ஓசை மாறினால் இங்குள்ளோர் தலை நிமிர்ந்து பார்ப்பது இயல்பே. அந்த ஓசை ஏன் அடங்குகிறது என்பதை இன்று சொல்லப் புகுகின்றேன்.

குடாவுக்கு அப்பால், சீனன்குடாவில், விமானப்படையின் கலாசாலை இருக்கிறது. அங்கே முதன்முதலாக வானில் ஏறும் மாணவர் அமர்வது போர் விமானத்திலன்று. இலகுவான பயிற்சி விமானத்தில். இவ்வகை விமானத்தோடுதான் இலங்கையின் விமானப்படையே பிறந்தது எனலாம். 1951 மார்ச்சு 2ஆம் நாள், பிரித்தானிய அதிகாரியான கிரகம் பிளேடனின் தலைமையில் அப்படை தோன்றியபொழுது, அதற்கு முதலிற் கிடைத்த விமானம் ‘சிப்மங்க்’ என்பதாகும். வட அமெரிக்கக் காடுகளில் ஓடித் திரியும், நம் அணிலையொத்த ஒரு சிறு பிராணியின் பெயர் அது. விமானமும் பெயருக்கேற்ற உருவந்தான். சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 34 அடி; யந்திரத்தின் பலம் 145 குதிரைவலு.

இதனை வகுத்தவர் போலந்து தேசத்துப் பொறியியலாளர் யாக்கிமியுக். யுத்தத்தினால் நாடு பெயர்ந்த அவர், கனடாவில் டி ஹாவிலண்ட் கம்பெனிக்காக இதனை அமைத்தார். 1946 மே 22ஆம் நாள் ரொறொன்ரோ நகருக்கு அண்மையில் அது முதன்முதலாகப் பறந்தது. பின்னர் கனடா, பிரித்தானியா, போர்த்துக்கல் ஆகிய மூன்று தேசங்களிலுமாக 1,283 விமானங்கள் செய்யப்பட்டன. அதற்கு முன் மாணவர்கள் பயின்ற ‘டைகர் மொத்’ விமானத்திற்கு இரட்டைச் சிறகு, துணி போர்த்த உடல், மழைக்கும் காற்றுக்கும் திறந்த இருக்கை. சிப்மங்குக்கோ உலோக உடலும் கண்ணாடிக் கூரையும் இருந்தன.

இருக்கைகள் இரண்டு. முன்னே மாணவன், பின்னே ஆசிரியர். தோணியிற் பயிலும் சிறுவனைத் துடுப்போடு முன்னே இருத்திவிட்டு, தகப்பன் பிற்பக்கத்திற் சுக்கானோடு இருப்பதில்லையா? அதைப் போன்ற ஏற்பாடுதான். ஆனால் இங்கே இருவர் கையிலும் ஒரே கட்டுப்பாட்டுத் தடி. இருவர் காலிலும் ஒரே சுக்கான். மாணவன் தடியை அசைத்தால் ஆசிரியரின் தடியும் அசையும். அவன் கையின் நடுக்கத்தைக்கூட அவர் அறிவார்.

பயிற்சி விமானம் மிக எளிதாகப் பறக்கக்கூடியதாக இருந்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அப்படியன்று. அது பிழையைப் பொறுக்க வேண்டும். பிழையை மறைத்தல் கூடாது. சிப்மங்கின் சிறு சக்கரம் வாலில் இருந்தது. தரையில் மூக்கு மேலே நிமிர்ந்து நிற்பதனால் மாணவனுக்கு முன்பாதை தெரியாது; வலமும் இடமும் வளைந்து வளைந்து ஓட்டிச் செல்லவேண்டும். இறங்கும்பொழுது சுக்கானைச் சற்றே அசட்டை செய்தால் விமானம் பக்கவாட்டில் திரும்பிவிடும். கால்கள் சோம்பியிருக்க அது இடங்கொடாது.

இனி ஓசையின் சங்கதிக்கு வருவோம். காற்று சிறகின் மேல் ஒழுங்காக வழுவிச் செல்லும்வரை சிறகு விமானத்தைத் தாங்கும். மூக்கை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் அவ்வொழுக்குக் குலையும். தாங்கும் பலம் போய்விடும். ஒரு சிறகு மற்றையதற்கு முந்திப் பலமிழந்தால், விமானம் பம்பரம்போற் சுழன்று விழத் தொடங்கும். தரைக்கு அண்மையில் இது நேர்ந்தால் மரணந்தான். ஆகவே, ஆசிரியர் மாணவனைப் போதிய உயரத்திற்குக் கொண்டுபோய், யந்திரத்தைத் தணித்து, இந்த ஆபத்தைத் தாமே வருவித்துக் காட்டுகிறார். நீங்கள் கேட்கும் மௌனம் பெரும்பாலும் அதுதான். சுழலும் திசைக்கு எதிராகச் சுக்கானை முழுதும் மிதித்து, தடியை முன்னே தள்ளவேண்டும். விழுகின்றவன் தடியைத் தன்பக்கம் இழுக்கவே துடிப்பான். அத்துடிப்பை அடக்குவதே பாடம். சிப்மங்கிலேயே சுழலினால் விபத்துகள் நேர்ந்தமையால், வாலுக்கு முன்பாக உடலின் இருபுறமும் ஒடுங்கிய தகடுகளைப் பொருத்தினார்கள்.

சிப்மங்கில் தேறியவர்கள், மெர்லின் யந்திரம் பூட்டிய ‘பேலியல்’ விமானத்திற்கு ஏறினார்கள். 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் கட்டுநாயக்கவையும் சீனன்குடாவையும் விட்டகன்றனர். 1959ஆம் ஆண்டு 12 ‘ஜெட் புரொவோஸ்ட்’ விமானங்கள் வாங்கப்பட்டன. அவையும் பயிற்சிக்குரியவையே. எனினும் துப்பாக்கியும் குண்டும் தாங்கத்தக்கவை. 1970இல் ஒதுக்கி வைக்கப்பட்ட அவற்றை, 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது மீண்டும் ஆயத்தஞ் செய்து தாக்குதலுக்கு அனுப்பினார்கள். ‘பயிற்சி’ என்ற சொல்லை மட்டும் நம்பி ஒரு விமானத்தை எடைபோடுதல் இயலாது என்பதே என் எண்ணம்.

சீனன்குடாவிற் பயிற்சிக்குப் பயன்பட்ட விமானங்களுள் ஒன்று சீனத்தில் ஆக்கப்பெற்ற பீ.ரி.-6. இதன் மூலவடிவம் முதலிற் பறந்தது 1958ஆம் ஆண்டில். 2020 டிசம்பர் 15ஆம் நாள் இவ்வகை விமானமொன்று கந்தளாய்ப் பகுதியில் வீழ்ந்து மாணவ விமானி ஒருவர் மாண்டார். 2023 ஆகஸ்டு 7ஆம் நாள் இன்னொன்று சீனன்குடாத் தளத்திலேயே, மேலெழுந்த சிறிது நேரத்தில் வீழ்ந்தது. இரு அதிகாரிகள் உயிரிழந்தனர். உயரம் இல்லாத இடத்தில், கற்ற பாடத்தைச் செய்து முடிப்பதற்கு நேரமும் இருப்பதில்லை.

இத்தனையும் அறிந்தே ஒருநாள் ஆசிரியர் ஓடுபாதையோரம் விமானத்தை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். இறங்குமுன், வெறுமையான பின்னிருக்கையின் வார்கள் தடியிற் சிக்காதபடி அவற்றை இறுக்கிக் கட்டுவார். பின்பு கண்ணாடிக் கூரையை மூடிவிட்டு, புல்தரையில் நின்று, விமானம் குடாவின் மேலே சுற்றிவந்து இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.